யானைகள் கடக்கும் வரை

பேச்சியம்மாள் பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினாள், உதட்டில் வைத்துச் சாய்த்தாள், நாக்கு நுனியால் வாயை அடைத்துக்கொண்டு தொண்டையை மட்டும் இரண்டு தடவை ஏற்றி இறக்கினாள். பிறகு புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். அந்தத் துடைப்பில்தான் எல்லாம் இருக்கிறது, துடைத்துவிட்டால் குடித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். "இன்னுங் கொஞ்சம் குடிங்க அத்தை" என்றாள் மருமகள் மஞ்சரி, பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்காமல். "குடிச்சிட்டேம்மா, வயிறு ரொம்பிப்போச்சு." மூடியைப் போட்டுப் பாட்டிலைக் காலிடுக்கில் வைத்ததும் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. தண்ணீர் பாட்டிலுக்குள் கழுத்துவரை எழும்பிக் குலுங்கியது. கழுத்துவரை. அதுதான் தொந்தரவு. தொண்டை ஏறி இறங்கலாம், தண்ணீர் இறங்கவில்லையே. வாய் ஒன்று சொல்ல கையிலிருக்கும் பொருள் வேறொன்று சொல்ல, அவளே எத்தனை பேரை இப்படிப் பிடித்திருக்கிறாள். சேலைத் தலைப்பை இழுத்துப் பாட்டிலை மூடினாள். வண்டியின் தூக்கி நிறுத்தியிருந்த கூரைக்கடியில் காற்று புகுந்து முகத்தில் அடித்தது. காய்ந்த புல்லின் வாசனை, அதற்குள் எங்கோ சாணம், எங்கோ தூரத்து மழை. நன்றாகத்தான் இருக்கிறது. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்து அவள் வரவில்லை. ஆப்பிரிக்காவில் அருஷா என்ற ஊரில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் வேலை பார்க்கும் மகன் முத்துராசுதான் ஏற்பாடு செய்தான், கடைசி நேரத்தில் தோட்டத்துப் பம்ப் பழுதாகி அவனால் வர முடியவில்லை. "வேற டூரிஸ்ட் யாரும் கிடையாதும்மா, உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தனி வண்டி. எங்க நிக்கணும்னாலும் சொல்லு, டிரைவர் ஜோசஃபத் நிப்பாட்டுவாரு." எங்க நிக்கணும்னாலும் என்பதை அவன் ஒரு மாதிரி அழுத்திச் சொன்னது அவளுக்குப் புரியாமல் இல்லை. மதுரையில் டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோது அவனும் போனில் இருந்தான். ஒரு கிட்னி சுருங்கிப்போச்சு, இன்னொண்ணு உங்க கையிலதாம்மா இருக்கு, தண்ணி குடிச்சா ஓடும், குடிக்கலன்னா மெஷின்தான். கையில்தான் இருக்கிறது. கை பாட்டிலைத் தூக்குகிறது, உதடுவரை கொண்டுபோகிறது, அதற்குமேல் உள்ளேயிருந்து யாரோ கதவை அடைத்துவிடுகிறார்கள்.

உள்ளே இருப்பது யார் என்று அவளுக்குத் தெரியும். காக்கி போட்ட ஒருத்தி. மந்திரி வருகிறார், கவர்னர் வருகிறார் என்று பைபாஸ் ரோட்டில் கம்பத்துக்கு ஒருத்தியாக நிறுத்தி வைத்த பெண் போலீஸ்களில் ஒருத்தி. இளவயதில் சேர்ந்து எஸ்.எஸ்.ஐ. ஆகி ஓய்வு பெறும்வரை அவள் நின்ற ரோடுகளை எல்லாம் முடிச்சுப் போட்டால் இந்த ஆப்பிரிக்காவை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம். நிற்பது கஷ்டமில்லை, வெயில் கஷ்டமில்லை. ஒதுங்க இடமில்லாததுதான். ஆண் போலீஸ் ஒரு புளிய மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டால் முடிந்தது. ஆகவே முந்தின நாள் இருட்டியதுமே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். விடிகாலையில் கிளம்பும்போது வந்தாலும் போகக் கூடாது, ஒரு தடவை போனால் உடம்பு கேட்டுப் பழகிவிடும், அப்புறம் நாள் பூராவும் கேட்டுக்கொண்டே இருக்கும். இதைப் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை. காவல் பாரா மாற்றும்போது மூத்தவள் இளையவள் காதில் சொல்வது, சரியா தப்பா என்று எந்த டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளாதது. காலையில் வனவிலங்குப் பூங்காவின் வாசலில் ஜோசஃபத் சீட்டு வாங்கப் போயிருந்தபோது மஞ்சரி, "பாத்ரூம் சுத்தமா இருக்குதுங்க அத்தை, போயிட்டு வந்துருங்க" என்றாள். "எனக்கு வரலம்மா" என்று சொல்லிவிட்டாள். வந்துகொண்டுதான் இருந்தது. வந்ததைத் திருப்பி அனுப்பினாள், பழக்கப்பட்ட ஆளை அனுப்புவது போல, அப்புறம் வா என்று. நானும் நீயும் ஒட்டகந்தாண்டி பேச்சி என்பாள் லூர்துமேரி, அடுத்த கம்பத்துக்காரி. ஒரே வித்தியாசம் ஒட்டகத்துக்கு டி.ஏ. கிடையாது. சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள், சிரித்தால் வந்துவிடும் என்று உடனே வாயைப் பொத்திக்கொள்வாள். அந்த லூர்து இப்போது வாரத்தில் பாதி நாள் மெஷினில் கிடக்கிறாள். கிட்னி இரண்டும் போய், நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டம்ளரில் அளந்து கொடுக்கிறார்கள், தாகம் எடுத்தால் ஐஸ் கட்டியைச் சப்புகிறாள். போன மாதம் பார்க்கப் போனபோது கட்டிலுக்கு எதிரே இருந்த கதவைக் காட்டினாள். "பாத்தியாடி, பாத்ரூம் பக்கத்துலயே இருக்கு, டூட்டியும் கெடையாது. குடிக்கத்தான் விடமாட்டேங்கறானுங்க." அதற்கும் சிரித்தாள். வாயைப் பொத்தவில்லை.

வரிக்குதிரைகள் ரோட்டோரம் நின்றன, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி, யாரோ வரப்போகிறார்கள் என்பது போல. யாரும் வரவில்லை. அவற்றுக்கு அது பற்றிக் கவலையும் இல்லை, ஒன்றின் முதுகில் இன்னொன்று தாடையை வைத்துக்கொண்டு நின்றன. அப்படி ஒருநாள் லூர்துவின் தோளில் தலையை வைத்து நிற்க முடிந்திருந்தால். பெருத்த மரங்கள், அடிமரம் நெற்குதிர் மாதிரி, மேலே வேரைப் போல நாலு கிளை. ஒட்டகச்சிவிங்கி ஒன்று அதன் மறைவிலிருந்து தலையை மட்டும் நீட்டி, வண்டியை ஏற இறங்கப் பார்த்து, சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று மறுபடி மேயப் போனது. பேச்சியம்மாளுக்கு அதைப் பிடித்துவிட்டது. நீலம் கட்டினால் கடிக்கிற ஈ தேடி வரும் என்று மஞ்சரி சொன்னதால் பெட்டியைக் குடைந்து ஒரு மண் நிறச் சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். கட்டி முடித்துக் கண்ணாடியைப் பார்த்தால் கிட்டத்தட்டக் காக்கி. அவ்வளவு சேலைகளில் கை அதற்குத்தான் போகிறது. வண்டியில் முன்னால் ஒரு வயர்லெஸ் மைக் இருந்தது, அதில் மற்ற வண்டிக்காரர்கள் கரகரவென்று ஸ்வாஹிலியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் காலையிலிருந்து அவள் காது அதில்தான் இருந்தது. இது சும்மா பேசுகிற குரல், இது சாப்பிட்டாயா என்று கேட்கிற குரல். திடீரென்று ஒரு குரல் தணிந்து வேகமாகப் பேசியதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏதோ சிக்கியிருக்கு" என்றாள். அவள் சொல்லி வாய் மூடுமுன் ஜோசஃபத் வண்டியைத் திருப்பினார். ஒரு முட்புதரின் நிழலில் சிங்கம், நாலு காலையும் பரப்பி மல்லாந்து. மஞ்சரி திரும்பி மாமியாரைப் பார்த்தாள். "உங்களுக்கு ஸ்வாஹிலி தெரியுமாங்க அத்தை?" "மைக் தெரியும்" என்றாள் பேச்சியம்மாள். மஞ்சரி அதை ஆங்கிலத்தில் சொல்ல, ஜோசஃபத் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்து, அடுத்த தடவை அம்மா பக்கத்தில் வந்து உட்காரட்டும் என்றாராம். நரைத்த கிருதா, பெரிய உடம்பு, எதற்கும் அவசரப்படாத மனிதர். சிங்கத்தை லூர்துவுக்காகப் போட்டோ எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்டேஷன்ல நம்ம இன்ஸ்பெக்டர் படுத்திருப்பாரே அதே மாதிரி என்று எழுத வேண்டும். சந்தோஷமாக இருந்தது. இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில், அடிவயிற்றில், அப்புறம் வா என்று அனுப்பி வைத்த ஆள் திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தான்.

சாப்பிட நிறுத்தும் இடத்தில் பாத்ரூம் இருக்கிறது. அதை அவள் காலையிலேயே கேட்டு வைத்துக்கொண்டாள், கேட்பது தெரியாமல், எங்கம்மா சாப்பிடுவோம் என்று. கொஞ்ச தூரம்தான், அந்த மேட்டைத் தாண்டினால் ஆற்றங்கரை. கொஞ்ச தூரம் என்றால் அவளால் முடியும். முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டாள், மூச்சை மேலாக விட்டாள், கம்பி வேலி, புல், கம்பி வேலி இல்லை இங்கே, வெறும் புல்தான், எதையாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், உடம்பு மறந்துவிடும். அப்போது மேட்டின் மேலிருந்து யானைகள் இறங்கின. ஒன்று இரண்டு என்று தொடங்கி, புதர் புதராக அசைந்து, ஒரு ஊரே கிளம்பி வருவது போல வந்து ரோட்டில் ஏறின. ஜோசஃபத் எஞ்சினை அணைத்தார். பெரியதொரு பெண் யானை ரோட்டின் குறுக்கே நின்றுகொண்டது, காதை விரித்து வண்டியைப் பார்த்தபடி. அதன் முதுகுக்குப் பின்னால் மற்றவை கடக்கத் தொடங்கின, குட்டிகள் தாய்களின் கால்களுக்கு நடுவே. பின்னால் இன்னொரு வண்டி புழுதியோடு வேகமாக வருவதைப் பேச்சியம்மாள் காதால் கேட்டாள். என்ன செய்கிறோம் என்று நினைக்கவில்லை, எழுந்து கூரைத் திறப்பில் நின்று பின்பக்கம் திரும்பி வலது கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டினாள். அந்த வண்டி நின்றது. அதில் நின்றுகொண்டிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் சல்யூட் வைத்தார். "அத்தை" என்றாள் மஞ்சரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "பழக்கம்மா" என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தது தப்பு. நின்றபோது கொஞ்சம் லேசாக இருந்தது, உட்கார்ந்ததும் ஒரு குத்து, இடுப்பின் வலப்பக்கத்தில், சுருங்காத கிட்னி இருக்கும் பக்கத்தில். எவ்வளவு நேரமாகும் என்று கேளும்மா என்றாள். ஜோசஃபத் தோளைக் குலுக்கினார். அவை போகும்போது போகும். அவற்றின் ரோடு, நாம்தான் விருந்தாளி.

பச்சைக் கேட். இந்த இடத்துக்கு வந்தால் அவள் நினைப்பு எப்போதும் ஒரு பச்சைக் கேட்டில்தான் போய் இடிக்கும். வேண்டாம் என்று யானையைப் பார்த்தாள், யானையின் காதில் ஒரு கிழிசல், அதன் வழியே வெயில் தெரிகிறது, பச்சைக் கேட். முத்துராசு வயிற்றில் இருந்த சமயம். ஆறாம் மாதம், சட்டைக்குமேல் சட்டை போட்டு மறைக்கிற அளவுதான். காலையிலிருந்து நின்று, மத்தியானமும் தாண்டி, கான்வாய் இப்போது வரும் இப்போது வரும் என்று மைக் சொல்லிக்கொண்டே இருந்தது. அதற்குமேல் முடியவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு, பச்சைக் கேட், தட்டினாள். திறந்தவள் ஒன்றும் கேட்கவில்லை, வயிற்றைப் பார்த்தாள், உள்ளே கையைக் காட்டினாள். வெளியே வரும்போது சொம்பில் மோர் கொடுத்தாள். நல்ல பெண், பெயர்கூடக் கேட்கவில்லை. அந்த மோரைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் சைரன். சொம்பைக் கீழே வைத்து ஓடி வருவதற்குள் கார்கள் எல்லாம் போய்விட்டன, கடைசிக் காரின் புழுதி மட்டும் இருந்தது, அவள் கம்பம் காலியாக இருந்தது. பார்த்துவிட்டார்கள். மறுநாள் மெமோ. எல்லார் முன்னாலும் நிறுத்தி, அம்மாவுக்கு ரோட்டுலயே ஒரு பாத்ரூம் கட்டிக் குடுத்துருவமா என்று கேட்டார் அதிகாரி ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள், லூர்துவைத் தவிர. மெமோ ஒன்றுமில்லை, எத்தனையோ பேர் வாங்கியது. ஆனால் அந்தக் காலிக் கம்பம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உடம்பு சொன்னதைக் கேட்டாள், கேட்ட நேரம் பார்த்துத்தான் கான்வாய் கடந்து போயிற்று. அதற்கப்புறம் அவள் எங்கேயும் ஒதுங்கியதில்லை. கல்யாண வீட்டில் தாலி கட்டும்வரை, ரயிலில் ஊர் வரும்வரை, முத்துராசின் பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் கூப்பிடும்வரை. எதுவும் தன்னைத் தாண்டி நடந்துவிடக் கூடாது என்று காவல் நின்றதில், உள்ளே ஒன்று அவரைக்காய் வற்றல் மாதிரி வற்றிப்போனது தெரியவில்லை. இதோ இப்போதும், இவ்வளவு குத்தியும், அவள் கண் யானைகள்மேல்தான் இருக்கிறது. இன்னும் ஒரு குட்டி வரும், அதைப் பார்க்காமல் விடக் கூடாது.

குறுக்கே நின்ற பெரிய யானை பின்னங்கால்களை மெல்ல அகட்டியது. பிறகு, ரோட்டின் நட்டநடுவில், இரண்டு வண்டிகள் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீர்த் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டது போல ஊற்றத் தொடங்கியது. ஊற்றிக்கொண்டே இருந்தது. புழுதியில் குழி விழுந்து, நுரைத்து, வண்டிச் சக்கரத்தை நோக்கி ஒரு வாய்க்கால் ஓடி வந்தது. காதைக்கூட அசைக்காமல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. பின் வண்டியில் யாரோ கை தட்டினார்கள். மஞ்சரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பேச்சியம்மாளுக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அடக்கினாள், சிரித்தால் வந்துவிடும், அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள். இருவரும் வாயைப் பொத்தியபடி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மஞ்சரியின் கண் ஒரு கணம் கீழே போனது, சேலைத் தலைப்பு விலகியிருந்த பாட்டிலுக்கு. திரும்ப மேலே வந்தபோது அந்தக் கண்ணில் சிரிப்பு குறைந்திருந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம், அதில் பெரும்பாலும் போனில் பார்த்த முகம். ஈரோட்டுப் பெண், ங்க போடாமல் பேசத் தெரியாது, மாமியாரிடம் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று இன்னும் அளந்து கொண்டிருப்பவள். அவள் குனிந்து காதருகே வந்தாள்.

"அத்தை, எனக்கு ரொம்ப அவசரமா இருக்குதுங்க. அங்க போற வரைக்கும் தாங்காதாட்டம் இருக்குது."

"காலையில வாசல்ல போய்ட்டு வந்தியேம்மா."

"அது காலையிலைங்க. யானையப் பாத்ததுல இருந்து ஒரு மாதிரி ஆயிப்போச்சு. வண்டிக்குப் பின்னாடி ஒதுங்கிக்கிறேன். நீங்க வந்து பாரா நில்லுங்க."

"பாராவா?"

"நீங்கதானுங்களே சொல்லுவீங்க, ஊருக்கெல்லாம் பாரா நின்னேன்னு. எனக்கு ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்களேன்."

அவள் ஜோசஃபத்திடம் ஏதோ சொன்னாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தலையை ஆட்டி, வண்டியைப் பின்னுக்கு எடுத்து, நின்ற வண்டியைக் கையசைத்துத் தாண்டி, புல் குட்டையாக இருந்த ஒரு வெட்டவெளியில் கொண்டுபோய் நிறுத்தினார். கூரைமேல் ஏறி நின்று நாலு பக்கமும் நிதானமாகப் பார்த்தார். இறங்கி முன்பக்கம் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஒரு வாக்கியம் சொன்னார். "என்ன சொல்றாப்புல?" "டயர் செக் பண்ணணும்னு சொல்லணுமாங்க அத்தை. இங்க டூரிஸ்ட் எல்லாம் அப்படித்தான் கேப்பாங்களாம். பின் டயரத் தாண்டிப் போகக் கூடாதாம்." ரவுண்ட்ஸ் போய்ட்டு வரேன் என்பாள் லூர்து. எல்லா ஊரிலும் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பேச்சியம்மாள் இறங்கினாள். காலையிலிருந்து முதல்தடவையாகத் தரை. வண்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பின் டயருக்கு அந்தப் பக்கம் மஞ்சரி மறைய, அவள் இந்தப் பக்கம் நின்றாள், கால்களைச் சிறிது அகட்டி, கைகளைப் பின்னால் கட்டி, எதிரே பார்த்து. எதிரே ஒன்றுமில்லை. புல், புல்லுக்கு அப்பால் குதிர் மரம் ஒன்று, அதற்கு அப்பால் வானம். எந்தக் கான்வாயும் வராத ஒரு திசை. இப்படி ஒரு பாயிண்ட் கிடைத்திருந்தால் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நின்றிருப்பாளே என்று நினைத்தாள். ஏதோ ஒரு பறவை கதவு கிறீச்சிடுவது போலக் கத்தியது. "ஆச்சுங்க அத்தை" என்று மஞ்சரி ஜீன்ஸைச் சரிசெய்தபடி வந்தாள். வந்தவள் அவளைத் தாண்டிப் போகாமல், அவள் நின்ற இடத்திலேயே, அவளைப் போலவே திரும்பி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீங்க போங்க. நான் நிக்கிறேன்." "எனக்கு வர..." என்று தொடங்கினாள் பேச்சியம்மாள். மஞ்சரி திரும்பவில்லை. ஒல்லியான முதுகு, பின்னலில் ஒரு காய்ந்த புல். இதுவரை அவளுக்காக யாரும் இப்படி நின்றதில்லை.

டயருக்குப் பின்னால் போனாள். சேலையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வரவில்லை. இவ்வளவு நேரம் கதவை இடித்தவன் கதவைத் திறந்ததும் ஆளைக் காணோம். சிங்கம் வந்தால் என்று ஒரு பயம், அதைவிட, யானைகள் போய்விட்டால், கடைசிக் குட்டி, கம்பம் காலி, மெமோ, வெள்ளைக்காரர் சல்யூட், பச்சைக் கேட். உள்ளே அந்தக் காக்கிக்காரி அசையாமல் நின்றாள். பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள், திறந்தாள், தரையைப் பார்த்தாள். பழைய கண், எதையும் விடாது. மஞ்சரியின் ஷூ வந்து போன தடம் இருந்தது. அவள் குந்தியிருந்த இடத்தில் குதிகால் அழுத்திய இரண்டு குழிகள் இருந்தன. நடுவில் மண் காய்ந்து கிடந்தது. ஒரு எறும்பு அதன்மேல் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை. அவள் அந்தக் காய்ந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே, வண்டிக்கு அந்தப் பக்கம், மஞ்சரி ஏதோ ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்கியிருந்தாள், காதில் எதுவும் விழவில்லை என்று தெரிவிப்பதற்காக. பேச்சியம்மாளுக்குக் கீழே எல்லாம் இளகிவிட்டது. அந்த யானையைப் போல எங்கோ பார்த்துக்கொண்டு இருந்தாள். எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரம். வெயில் பிடரியில் விழுந்தது. எறும்பு சுற்றிக்கொண்டு போனது.

வண்டி பழைய இடத்துக்குத் திரும்பி வந்தபோது ரோடு காலியாக இருந்தது. யானைகள் எல்லாம் போய்விட்டிருந்தன. பின்னால் நின்ற வண்டியையும் காணோம், ரோட்டின் நடுவில் ஈரம் மட்டும் பெரிதாக, அதன்மேல் மஞ்சள் பூச்சிகள். "கடைசிக் குட்டி வந்துச்சாம்மா?" என்றாள். "நான் எங்கங்க பாத்தேன், நீங்க பாத்த பக்கத்தத்தான் நானும் பாத்துட்டு நின்னேன்" என்றாள் மஞ்சரி. யாரும் மெமோ நீட்டவில்லை. வானம் அப்படியே இருந்தது. ஜோசஃபத் எஞ்சினை முடுக்கினார், மைக் மறுபடி கரகரத்தது, சாப்பிட்டாயா என்கிற குரல். பேச்சியம்மாளின் இடுப்பில் குத்து அடங்கி ஒரு வெதுவெதுப்பு இருந்தது. லூர்துவுக்குச் சொல்ல வேண்டும். சிங்கத்தை அல்ல, இதை. சொன்னால் அவள் நம்ப மாட்டாள், பாரா நின்னாளா, உனக்கா என்பாள். ஐஸ் கட்டியை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு. வண்டி மேட்டில் ஏறியது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு தெரிந்தது, மணல் அகலமாக, நடுவில் கொஞ்சம் தண்ணீர், அதன் கரையில் சின்னச் சின்னதாக ஏதோ கூட்டம். "அது மான்களாங்க?" என்று மஞ்சரி பைனாகுலரை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஜோசஃபத் மைக்கை எடுத்து யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் காலிடுக்கிலிருந்து பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகினாள். வாயில் வைத்துச் சாய்த்து, தண்ணீர் பாதிக்குக் கீழே போகும்வரை குடித்துவிட்டு, உதட்டைத் துடைக்காமல் வெளியே பார்த்தாள்.